ஆப்பிரிக்காவில் மழை இல்லை

எனக்கு உலகச் செய்தியெல்லாம் பஸ்ஸில்தான் கிடைக்கிறது. கடலூரிலிருந்து சிதம்பரம் வரும்போது முன் சீட்டு அம்மாளுக்கு ஒரே சிரிப்பு.

“ஆப்பிரிக்காவுல மழையே இல்லியாம்டி! வைகாசியில எம் பொண்ணுக்குக் கல்யாணம்!”

பக்கத்தில் இருந்தவள் முழித்தாள். நானும்தான்.

“அங்கேருந்து முந்திரிக்கொட்டை வராட்டி, பண்ருட்டி கம்பெனிக்காரங்க எங்க தோப்புக் கொட்டைக்குத்தான் அலையணும். வெல ஏறிடும்.”

“போக்கா! கப்பல்ல வர்ற கொட்டைய ஒடச்சித்தான் நான் கஞ்சி குடிக்கிறேன். நேத்தே கம்பெனிய மூடிட்டாங்க.”

சிரிப்பு நின்றது. புதுச்சத்திரம் வரை அந்த அம்மாள் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள்.

“கொட்டையா விக்கலடி. நீ எங்க வூட்டுக்கு வந்து ஒட. பருப்பா வித்தா இன்னும் ஜாஸ்தி கெடைக்கும்.”

“கம்பெனி கூலியே குடுக்கணும். கல்யாணத்தன்னிக்கு லீவு.”

“லீவா! பாயசத்துக்கு முந்திரி யாருடி ஒடைப்பா?”