மஞ்சக் கம்பத்து நம்பரு

ஏனுங்க, கேக்குதுங்களா? ஆமாங்க, தோண்டறாங்கன்னுதாஞ் சொன்னேன். உங்க கேஸ் கொழாய்க்கு மேலயேதானுங்க. மஞ்சக் கம்பம் நட்டு, யாராச்சும் மண்ணத் தோண்டுனா இந்த நம்பருக்குக் கூப்புடுங்கன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதப் பாத்துத்தான் கூப்புடறேன்.

எடமுங்களா? வெள்ளகோவிலுக்குத் தெக்க, ஆறுச்சாமி தோட்டம். நாஞ் சென்னியம்மா, அவரு சம்சாரம்.

ஜேசிபியெல்லாம் இல்லீங்க, வெறுங் கடப்பாரைதான். ஆழமுமில்ல, ஒரு சாண் இருக்கும். வாசமா? ஒண்ணும் வல்லீங்க. பயப்படாதீங்க தம்பி. ஆளு அனுப்பிருவீங்கல்ல? போன வருசம் வாய்க்கா ஓரத்துல எவனோ தோண்டுனான்னு சொன்னதுக்கு ஜீப்புல நாலு பேரு வந்தாங்க. வேப்ப மரத்தடியில உக்காந்து, மோரு வாங்கிக் குடிச்சுப்போட்டு, நெம்ப நேரம் பேசிட்டுத்தான் போனாங்க. தங்கமான புள்ளைங்க.

லைன்லயே இருக்கட்டுங்களா? இருக்கறேனுங்க, எனக்கென்ன வேலை. இந்த ஊட்டுல வாயத் தொறந்து பேசியே நாளாச்சு.

எம் பையன் அருள்குமாரும் உங்க வேலைதானுங்க. இங்கில்ல, வெளிநாட்டுல. மூணு நாட்டுக் கம்பெனிக கூட்டுச் சேந்து கடலுக்கடியில கேஸ் கொழா போடறாங்களாமா, அதுல இஞ்சினியரு. ஒரு நாட்டுக்காரன் இக்கட்டருந்து போட்டுட்டு வாரானாமா, இன்னொருத்தன் அக்கட்டருந்து வாரானாமா. இப்ப நடுவால ரெண்டும் சேர்ற நேரம், எப்படிம்மா லீவு குடுப்பாங்கங்கறான். போன்ல எம்மூஞ்சியப் பாத்ததும் அழுதுபோட்டான், பாவம். நாந்தான், வேலையப் பாரு சாமின்னு சொல்லி வெச்சேன்.

ஆனா எனக்குச் சிரிப்புத்தான் வருதுங்க. பாசை வேற, சோறு வேற, அவுங்க மூணு நாட்டுக்காரங்களும் ஒரே மேசையில உக்காந்து பேசி முடிச்சுப்போட்டாங்க. இங்க எங்க பங்காளிக்கும் எங்களுக்கும் நடுவால ஒரு வரப்புதான், அதத் தாண்டி வர மாட்டேங்கறாங்க.

ஏனா? நல்லாக் கேட்டீங்க போங்க, எல்லாம் உங்க கொழாதான்! ஊரே கொழா வேண்டாம்னு ரோட்டுல உக்காந்திருந்தப்ப, எங்கூட்டுக்காரரு மொத ஆளாச் சம்மதிச்சுட்டாரு. நம்ம பையன் எங்கயோ போயிக் கொழா பதிக்கறான், நாம இங்க மறிச்சா நாயமான்னு கேட்டாரு. அன்னைக்குப் பேச்ச விட்டவங்கதான். அவரு எழவுக்கு வந்தாங்க, இல்லீங்கல. வாசல்லயே நின்னுபோட்டு, ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போயிட்டாங்க. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாமாட்ட இருந்துச்சு.

தோண்டுனது யாருன்னுங்களா? ஒரு பொம்பளதானுங்க, ஒரே ஆளு. இப்ப நிறுத்தியாச்சு. வண்டி கெளம்பிருச்சுங்களா? எத்தன பேரு வாராங்க? இல்ல, சும்மா கேட்டேன்.

ஐயோ, போலீசெல்லாம் எதுக்குங்க? இருங்க, இருங்க கண்ணு, சொல்லிப்போடறேன். நாந்தானுங்க தோண்டுனேன். கொழாய்க்கு ஒண்ணும் ஆகலீங்க, மேல் மண்ணத்தான் கிண்டி உட்டேன். இன்னிக்கு அவருக்கு மொத வருசத் தெவசமுங்க. விடியால எந்திரிச்சு ஒண்டியா எல்லாத்தையும் ஆக்கி எறக்கிட்டேன். நேத்தே ஊடு ஊடாப் போயிக் கூப்புட்டுட்டும் வந்தேன். பங்காளிக எலையில உக்காந்து சாப்புட்டாத்தான எங்கூட்டுக்காரருக்குச் சேரும், அப்பறந்தான நானும் வாயில வெக்க முடியும்? காக்காய்க்கு வெச்சேன், அது வந்து எடுத்துட்டுப் போயிருச்சு. மனுசருதான் ஒருத்தரும் வல்ல. பொழுது உச்சிக்கு ஏறிப்போச்சு. யாரக் கூப்புட்டா வருவாங்கன்னு ரோசன பண்ணிப் பாத்தேன், உங்களத் தவர ஒருத்தரும் தோணலீங்க.

எம்மேல கோவமா இருந்தா நல்லாத் திட்டிக்கங்க, கேட்டுக்கறேன். ஆனா வண்டியத் திருப்பிப்போடாதீங்க சாமி. உங்க கொழாய்க்காகத்தான அவரு பங்காளியத் தொலச்சாரு. அந்த எலையில உங்காளுக உக்காந்தாத் தப்பில்லீங்க. வழியில கடையில எங்கயும் சாப்புட வேண்டாம்னு மட்டும் சொல்லிப்போடுங்க.

நாலு பேருங்களா? செரிங்க தம்பி. நான் போயி எலை போடறேன்.