எண்பது வயதுக் கொடியின் வாசனை

வெள்ளை ஒயினை அதிகம் குளிர வைக்கக் கூடாது. வைத்தால் வாசனை உள்ளே பதுங்கிக்கொள்ளும். ஜார்ஜ் டவுனில் நான் வேலை செய்யும் ஹோட்டலில் பதினாறு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போத்தலைத் திறந்து, முதலில் நான் முகர்ந்து, ருசி பார்த்து, பிறகே விருந்தாளிக்கு ஊற்றுவது என் வேலை. "குணாளன் மூக்கு பொய் சொல்லாது" என்பது அங்கே பழமொழி மாதிரி.

எங்களிடம் பிரான்சிலிருந்து வரும் ஒரு வெள்ளை ஒயின் உண்டு. எண்பது வயதுக் கொடிகளில் காய்த்த திராட்சை. அந்தத் தோட்டத்தில் பூச்சிமருந்து கிடையாது. மாட்டுக் கொம்பில் சாணத்தை அடைத்து மண்ணில் புதைத்து, அதையே உரமாக்கி, பிறை பார்த்துப் பழம் பறிப்பார்கள். ஒரு போத்தலின் விலை அறுநூறு வெள்ளி. நான் இதை விளக்கும்போதெல்லாம் பின்கட்டில் கிளாஸ் கழுவும் நல்லம்மாள் அக்கா சிரிப்பார். "எங்க எஸ்டேட்ல சாணி சும்மாவே கெடந்துச்சு தம்பி. அதுக்கு இவ்ளோ வெலைன்னு அப்பவே யாரும் சொல்லலையே லா."

அக்கா சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். புருஷன் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்தே செத்தார். அதனால் கிளாஸ் கழுவும்போதுகூட அக்கா ரப்பர் கையுறை போடுவார். அந்த வாடை பட்ட கையால் பேரனைத் தூக்க மாட்டார். இதை என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார்.

கொரோனா வந்து போனதில் என் மூக்கு செத்துப்போனது; கூடவே நாக்கும். காப்பித்தூளை முகத்தருகே பிடித்தாலும் ஒன்றும் தெரியவில்லை. வரும், வரும் என்று பத்து மாதம் இருந்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லவில்லை. போத்தலைத் திறப்பேன், முகர்வேன், கண்ணை மூடித் தலையாட்டுவேன். கண்ணை மூடுவது நானாகச் சேர்த்துக்கொண்டது. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒரு ஞாயிறு மதியம், முன்கூட்டியே சொல்லிவைத்த ஒரு மேசைக்காக அந்த ஒயினைப் பின்கட்டில் திறந்து, தலையாட்டி, ஐஸ் வாளியில் வைத்தேன். அரை மணி கழித்துக் கொண்டுபோய் ஊற்றினேன். விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். புளித்துக் காடியாகியிருந்தது. கெடாமலிருக்க மருந்து அதிகம் சேர்க்காத ஒயின் எப்போதாவது அப்படிக் கெடும். மூக்குள்ளவன் திறந்ததுமே கண்டுபிடித்திருப்பான்.

மேனேஜர் வாசு பின்கட்டுக்கு வந்தார். "டேஸ்ட் பண்ணித்தானே கொண்டாந்த, குணா?"

"நான் பாத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு, பாஸ். அப்புறம் போத்தல் இங்கதான் இருந்துச்சு."

இங்கே என்றால் அக்காவுக்குப் பக்கத்தில். அவர் குடித்துவிட்டுப் பழைய மிச்சத்தை ஊற்றி நிரப்பினார் என்று நான் சொல்லவில்லை. வாசு தானாகவே அந்த முடிவுக்கு வந்தார். அக்காவின் கையுறையைக் காட்டி, "இது எதுக்கு?" என்றார். "கையில வாடை வரக்கூடாதுன்னு போடுறாங்க" என்றேன். அது உண்மைதான்.

அக்கா கோபப்படவில்லை. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "தம்பி மூக்குக்குத் தெரியாததா? நீங்களே மோந்து பாத்துச் சொல்லுங்க லா" என்று வாயைத் திறந்தார்.

குனிந்தேன். வெற்றிலைக் கறை படிந்த பற்கள் தெரிந்தன. வாசனை ஒன்றும் இல்லை. எனக்குத்தான் எதற்குமே இல்லையே. வழக்கம்போல் கண்ணை மூடித் தலையாட்டினேன்.

வாசு அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார். அன்றைக்கே அக்காவை வேலையை விட்டு அனுப்பினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அக்கா குடியிருக்கும் ஜெலுத்தோங் பிளாட்டில் செய்தி பரவ ஒரு நாள் போதுமாக இருந்தது. புக்கிட் தெங்காவில் பேக்டரிக்குப் போகும் அக்காவின் மகள் காமினி, அதுவரை அக்காவிடம் விட்டுப்போன குழந்தையை இப்போது வேறு வீட்டில் விட்டுப்போகிறாள். அவளும் குடிகார அப்பாவைப் பார்த்து வளர்ந்தவள்தானே. அந்த வீட்டுக் கதவுக்கு வெளியே நின்று அக்கா பேரனைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். கேட்டதிலிருந்து வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

போன வாரம் ஜெலுத்தோங் பசாரில் காமினி என்னை நிறுத்தினாள். "அண்ணே, அம்மா சாமி மேல சத்தியம் பண்றாங்க. வாசனை இல்லேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நாளைக்கே பிள்ளைய அவங்ககிட்ட விட்டுருவேன். அம்மா வாயில வாசனை வந்துச்சா?"

மீன்கடை முன்னால் நின்றிருந்தோம். மீன் வாடையில் அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது தேவைப்படவில்லை.

"லேசாத்தான் வந்துச்சு, தங்கச்சி" என்றேன். அக்காவுக்காக அந்த அளவுக்காவது குறைத்துச் சொன்னேன்.