வாலில் விழுந்த நிழல்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற புங்க மரத்தில் குக்குறுவான் என்று ஒரு பறவை குடியிருக்கிறது, மேடம். காலையிலிருந்து டுக் டுக் என்று கத்திக்கொண்டிருக்கிறது. இங்கே யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, அவரவர் வேலை அவரவருக்கு.

ஒரே ஒரு வேண்டுகோள். கேட்பதைச் சத்தமாகவே கேளுங்கள். யாராவது மெதுவாகப் பேசினால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னால் அந்த இடத்தில் இருக்க முடிவதில்லை. நேற்று என் மனைவி மெட்டில்டா காதருகே வந்து "சாப்பிட வாங்க" என்றாள். எழுந்து ஹாலுக்கே ஓடிவிட்டேன். பயம்தான், அதை மறைப்பதற்கில்லை.

நான் ஜெபசீலன். சேலையூரில் வீடு, இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை. தாம்பரம் பக்கம் ஞாயிறுதோறும் பறவை பார்க்கப் போகிற வாட்ஸ்அப் குழுவை ஆரம்பித்தவன். ஷ்யாம்சுந்தர் அதில் பிறகு வந்து சேர்ந்தவன். மேடவாக்கத்தில் ஃபிளாட், ஐ.டி. வேலை, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸ். நல்ல மனிதன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கண்தான் கொஞ்சம் அதிகக் கூர்மை.

பங்குனி மாதத்தில் கேளம்பாக்கம் உப்பங்கழி கல்யாண வீடு மாதிரி இருக்கும். குளிருக்கு இங்கே வந்த கடலோரப் பறவைகள் வடக்கே திரும்புவதற்கு முன் அந்தச் சேற்றில் இறங்கித் தின்று கொழுக்கும். அந்த நேரத்தில் சத்தம் போட்டுக் கிளப்பிவிட்டால் தின்றதெல்லாம் வீண். அதனால் பறவை முன்னால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் குழுவில் விதி. அபூர்வமான பறவையைப் பார்த்தேன் என்று சொன்னால் படம் வேண்டும், இல்லாவிட்டால் கூட நின்று பார்த்த ஒருவர் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் நான் போட்ட விதிகள்தான்.

போன வருஷம் அங்கே நான் பட்டைவால் மூக்கனைப் பார்த்தேன். நம் பக்கம் அத்தி பூத்தாற்போல வருகிற பறவை. அதற்குக் கருவால் மூக்கன் என்று ஒரு சொந்தக்காரன் உண்டு. அது கூட்டம் கூட்டமாக வரும், யாரும் மதிக்க மாட்டார்கள். சேற்றில் நிற்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். பறக்கையில் வாலைப் பார்க்க வேண்டும். மெல்லிய கோடுகளாக இருந்தால் பட்டைவால், நுனியில் அகலமாகக் கறுத்திருந்தால் கருவால். என்னிடம் படம் இல்லை. ஷ்யாம் குழுவில் மரியாதையாகத்தான் கேட்டான். "அண்ணா, கருவாலா இருக்குமோ?" அதன் கீழே யாரோ ஒரு சிரிப்பு முகம் போட்டார்கள். அப்புறம் வரிசையாகச் சிரிப்பு முகங்கள். அதிலிருந்து நான் காக்காயைப் பார்த்தேன் என்றாலும் "படம் இருக்கா சார்?" என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளே வெந்துகொண்டிருந்தேன், மேடம்.

இந்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்கு வராமல் சேற்றுக்குப் போகிறீர்களே என்று மெட்டில்டா கோபித்துக்கொண்டாள். நான் ஷ்யாமை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். பறவை அதே இடத்தில், கூட்டத்தோடு, செங்கல் நிறத்தில் நின்றது. "வால எடுத்துடுப்பா" என்றேன். கேமராவில் கண்ணை வைத்தபடியே அவன் இறங்கி நடந்தான்.

அங்கே யாரோ மண் அள்ளின பள்ளம் ஒன்று இருக்கிறது. மேலே சகதி மூடித் தரை போலவே தெரியும். போன வருஷம் அதை அவனுக்குக் காட்டியதே நான்தான். இந்த வருஷம் ஞாபகப்படுத்தவில்லை.

இடுப்பு வரை போய்விட்டான். திரும்பிப் பார்த்து, தொண்டைக்குள்ளேயே, "அண்ணா, உள்ள வாங்குதுண்ணா" என்றான். அந்த நிலையிலும் குரலை உயர்த்தவில்லை. நான் உதட்டில் விரலை வைத்தேன். அடங்கிவிட்டான். இன்னும் ஏதோ பறவை நிற்கிறது போல என்று நினைத்திருப்பான். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

கரையில் ஆட்கள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார்கள். பறவைகள் கலைந்துவிடும் என்றுதான் கொடுக்கவில்லை என நேற்று உங்களிடம் சொன்னேன். இப்போது அவன் கேமராவிலிருந்து இந்தப் படத்தைக் காட்டுகிறீர்கள். கால் இறங்கின நொடியில் எடுத்தது. கூட்டம் முழுக்க வானத்தில் இருக்கிறது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அவன் சேற்றில் நின்றபோது கலைவதற்கு அங்கே ஒரு பறவையும் இல்லை.

"வால் வந்துச்சா?" என்று கேட்டேன். அவன் திரையைப் பார்த்தான். "வந்துச்சுண்ணா. கருவால்தாண்ணா, சாரி. கையக் குடுங்க."

அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. இவன் வெளியே வந்தால் குழுவில் என்ன சொல்வான் என்கிற பயம். வாலில் கறுப்பாகத் தெரிகிறது என்று நீங்களும் சொல்கிறீர்கள். அது இறக்கையின் நிழல், மேடம். அவனிடமும் அதைத்தான் சொன்னேன். நல்லாப் பாரு, நிழல்தானே என்று கேட்டேன். என் ட்ரைபாடை நீட்டினால் அவன் கைக்கு எட்டும். கடல் ஏற்றம் ஆரம்பித்து, கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

நெஞ்சு மூழ்கியபோது சொன்னான். "நிழல்தாண்ணா. பட்டைவால்தான். ப்ளீஸ்ணா." நானும் ட்ரைபாடை நீட்டினேன். அவன் விரல் அதன் நுனியில் பட்டது.

அவன் முகத்தைப் பார்த்தேன். பிறகு ட்ரைபாடை இழுத்துக்கொண்டேன்.

அப்புறமும் கொஞ்ச நேரம் மெதுவாகக் கூப்பிட்டான். "அண்ணா." கத்தக்கூட மூச்சு இல்லை. நான் திரும்பி நின்றுகொண்டேன். வெளியே பெஞ்சில் இருப்பது அவன் மனைவி ஸ்நேகா. தயவுசெய்து உள்ளே விடாதீர்கள், அவளும் மெதுவாகத்தான் பேசுவாள்.

அவன்தான் ஒப்புக்கொண்டானே, பிறகு ஏன் என்று கேட்கிறீர்கள். உயிர்ப் பயத்தில் சொன்னான், மேடம், முகத்திலேயே தெரிந்தது. மனசறிந்து பார்த்ததைச் சொன்னால்தான் சாட்சி. பயந்து சொல்வதையெல்லாம் எங்கள் குழுவில் எடுத்துக்கொள்வதில்லை.