நடுச் சக்கரம்

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும், அவ்வளவுதான். என் நண்பனின் அத்தைக்கு நடந்தது இது.

விடியற்காலை நாலரை மணி. தொழிற்சாலையின் பின்பக்கச் சாலை... ஒரு பக்கம் நீள மதில், மறுபக்கம் காலி மனை. ஆள் அரவமே இல்லை. ஆறு மணி ஷிஃப்டுக்குள் தரை துடைத்தாக வேண்டும் என்பதால் அத்தை தினமும் அந்த நேரத்தில் தனியாக நடப்பாள். அன்று மதில் முனையில் திரும்பியதும் மூக்கில் ஏறியது... நிலக்கரிப் புகை. கூடவே சூடான எண்ணெய் வாடை. அந்தப் பக்கம் ரயில் பாதையே கிடையாது.

அத்தை நின்றுவிட்டாள். அந்த எண்ணெய் வாடை அவளுக்குத் தெரியும். பதினெட்டு வருஷம் மாமாவின் சட்டையிலிருந்து துவைத்து எடுத்த வாடை.

மாமா அதே தொழிற்சாலையில் லேத் என்கிற கடைசல் இயந்திரம் ஓட்டியவர். பழைய புத்தகம் ஒன்றில் ஜெர்மன் சரக்கு ரயில் எஞ்சினின் வரைபடம் கிடைத்தது. அதிலிருந்து மனுஷனுக்கு வேறு நினைப்பே இல்லை. ஒன்பது வருஷம், வேலை முடிந்து வந்ததும் பின்னறையில் உட்கார்ந்து, ஒரு கை நீளத்துக்கு அந்த எஞ்சினைச் செய்தார். கறுப்புக் கொதிகலன், பக்கத்துக்கு ஐந்தாகப் பத்துச் சிவப்புச் சக்கரம், கடுகளவு ஆணிகள். அடுப்புக் கதவுகூடத் திறக்கும். ஆனால் உள்ளே கெட்டிப் பித்தளை, தீ மூட்ட இடமே இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மாமா எதைச் செய்தாலும், முடித்த பிறகுதான் அதில் தொழிற்சாலையில் தனக்குக் கொடுத்த டோக்கன் நம்பரைக் குத்துவார். எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் மூன்று தட்டு. நாலு, ஒன்று, ஏழு. எஞ்சினில் குத்தவில்லை. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்பார். பாக்கியோடேயே ஒரு சாயங்காலம் லேத் முன்னால் சரிந்து விழுந்தார்.

துக்கம் கேட்க வந்த மேனேஜர், எஞ்சினை இரண்டு வாரத்துக்கு இரவல் கேட்டார். அத்தை கொடுத்தாள். அடுத்த மாதம் அது தொழிற்சாலை வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள். கீழே பித்தளைத் தகட்டில் 'உருவாக்கியவர்' என்று மேனேஜரின் பெயர். அத்தைக்கு அங்கேயே துடைக்கும் வேலை. கருணையாம். தன் புருஷன் செய்ததன் கீழே இன்னொருத்தன் பெயரைத் தினமும் பளபளவென்று தேய்க்கும் வேலை. கேட்கும்போதே உங்களுக்குக் கொதிக்கிறது அல்லவா?

அவள் ஒரே ஒரு முறை கேட்டுப் பார்த்தாள். மேனேஜர் சிரித்தார். "உன் வீட்டுக்காரர் கை வேலைதாம்மா செஞ்சாரு. மூளை என்னோடது. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

வீட்டில் இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை மறுபடி தகட்டைத் தேய்க்கப் போனாள்.

அந்த வாடை வந்ததற்கு முதல் நாள், தொழிற்சாலைக்கு வந்த விருந்தாளி ஒருவர் எஞ்சினைக் குனிந்து பார்த்து, நடுச் சக்கரத்தின் விளிம்பு மட்டும் ஏன் மெலிதாக இருக்கிறது என்று கேட்டார். மேனேஜருக்கு எங்கே தெரியும்? லேத்காரன் செய்த தப்பு, நாளைக்கே மாற்றிவிடுகிறேன் என்றார். வாளியோடு நின்ற அத்தைக்குக் காது மடல் சுட்டது. ஐந்து சக்கரம் வரிசையாக ஓடினால் வளைவில் நடுச் சக்கரம் தண்டவாளத்தை முட்டும், அதனால்தான் விளிம்பைச் சீவுகிறேன் என்று மாமா சட்டைப் பொத்தான்களை வரிசையாக வைத்து அவளுக்கே காட்டியிருக்கிறார். தெரிந்து செய்ததைத் தப்பு என்கிறான். செத்தவன் வந்து பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியம்.

சரி... விடியற்காலைக்கு வருவோம். வரவேற்பறையைத் திறந்தாள். வாடை அங்கேதான் அதிகம். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துடைத்தாள், போகவில்லை. ஆவி உள்பக்கம். கையை வைத்தாள்... சுட்டது. பெயர்த் தகடு முழுக்கக் கரி.

தகட்டைத் துடைக்கப் போன துணியை அப்படியே வாளியில் போட்டாள்.

"ஏங்க... ஒரு வருஷமா இவன் பேரைத் துடைச்சேன். இனி என்னால ஆகாது. நீங்களாச்சு, அவனாச்சு."

வெளியே கார் நின்றது. மற்றவர்கள் வருவதற்குள் சக்கரத்தைக் கழற்றிவிட மேனேஜரே வந்துவிட்டார். கையில் பெட்டிச் சாவி. கரியைப் பார்த்ததும் அவளைக் கன்னாபின்னாவென்று திட்டி, வேறு தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். அத்தை வாளியைத் தூக்கிக்கொண்டாள். கண்ணாடி சுடுகிறது என்றுகூடச் சொல்லவில்லை.

தாழ்வாரக் கோடியில் குழாயைத் திறந்தாள். ஸ்ஸ்ஸ்... என்றது. குழாய் இல்லை, பின்னாலிருந்து. அப்புறம் சுத்தியல் சத்தம். ணங்.

ணங்.

ணங்.

அவ்வளவுதான். வாளி நிரம்பி வழியும்வரை அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

போய்ப் பார்த்தபோது மேனேஜர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. மூச்சில்லை. பெட்டி பூட்டியபடியே இருந்தது, சாவி இடது கையில். வலது உள்ளங்கையில் மட்டும் ஒரு எண், தோலில் பள்ளமாக. 417.

மாரடைப்பு என்றார்கள். விழும்போது கை எதிலோ அழுந்தி எண் பதிந்திருக்கும் என்றார்கள். அழுந்திப் பதிந்தால் இடம் வலமாக மாறித்தானே விழும்? இது நேராக இருந்தது.

அதற்குப் பிறகு எஞ்சினைத் தொட அங்கே ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அத்தைதான் பழைய போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஜில்லென்று இருந்ததாம். என் நண்பன் அதைத் திருப்பிப் போட்டு, லென்ஸ் வைத்து, அடி முதல் நுனி வரை அந்த நம்பரைத் தேடினான். எங்கேயும் இல்லை. மாமா இதில் மட்டும் குத்தவே இல்லையா என்று கேட்டான்.

அத்தை நடுச் சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுல இன்னும் பாக்கி இருக்கேப்பா. முடிச்ச வேலையிலதான் அவர் நம்பர் குத்துவார்."