ஏழாவது மீன்

எங்கள் அலுவலக மீன்தொட்டிக்குத் தினமும் சாப்பாடு போடுவது நான்தான். யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கிண்ணியா பஸ் என்னை ஏழே முக்காலுக்கே இறக்கிவிடும், மற்றவர்கள் வர எட்டரையாகும், அவ்வளவுதான்.

ஐயா, விசாரணையில் நீங்கள் எழுதிக்கொண்டதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பெயர் சனூஸா. ஓர்ஸ் ஹில்லில் உள்ள இந்தக் காப்புறுதிக் கிளையில் பதினொரு வருடமாக எழுதுவினைஞராக இருக்கிறேன்.

தொட்டி வாங்கிய அன்று நான் லீவு. ஆளுக்கொரு மீன் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். மறுநாள் வந்தபோது மற்ற ஆறு பேருக்கும் ஆறு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. என்னுடையது எது என்று வரவேற்பு மேசையில் இருக்கும் ஜெசிகாவைக் கேட்டேன்.

"உங்களுக்கு மீன் கறிதானே விருப்பம் எண்டு விட்டிட்டம், அக்கா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முகாமையாளர் பேணாட் சேர் சமாதானமாக, "ஒருத்தரிட்டையும் இல்லாத மாதிரி ஒண்டு பாத்து வாங்கிக்கொண்டு வாங்கோ" என்றார். சேர் சொன்னால் நான் அப்படியே செய்கிறவள்.

நுஸ்கியின் வளர்ப்பு மீன் கடையில் பாம்பு போன்ற மீன்கள் இரண்டு வகை இருந்தன. ஒன்று விரல் நீளம், மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டது. மற்றது கந்தளாய்க் குளத்தில் பிடித்த ஆரல். ஒரு சாணுக்கு மேல் நீளம். மணலுக்குள் புதைந்து கூர்மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"மற்ற மீனோட எது ஒத்துப்போகும்?" என்று கேட்டேன்.

"சின்னதைக் கொண்டுபோங்கோ. ஆரலெண்டால் வாய்க்குள்ள போற அளவான ஒண்டையும் விடாது."

நன்றி சொல்லி ஆரலை வாங்கினேன்.

அலுவலகத்தில் நல்ல வரவேற்பு. ஜெசிகா கைப்பேசியில் படம்கூட எடுத்தாள். ஆரலுக்கென்று நுஸ்கி கொடுத்துவிட்ட புழுப் பொட்டலத்தை நான் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு மறந்துபோனேன். ஐந்து வாரத்தில் ஆறு மீன்களும் ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. ஆரல் பகலில் மணலை விட்டு வருவதில்லை, ஆகவே அதை யாரும் நினைக்கவில்லை. தொட்டி கழுவுகிற பெரியவர் முஹம்மது தம்பியைத்தான் நினைத்தார்கள். மீனைக் கொண்டுபோய் விற்கிறார் என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

போகும்போது அவர் என் மேசைக்கு வந்தார். "நான் எடுக்கல்ல எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே, தங்கச்சி?"

தெரியும் என்றேன். அது பொய்யில்லை.

அவர் தலைமையகத்துக்கு முறைப்பாடு எழுதினார். நீங்கள் வந்தீர்கள், தொட்டியைக் காலி செய்யச் சொன்னீர்கள். மணலுக்குள் இருந்து வந்த ஆரல் என் மணிக்கட்டுப் பருமனில் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். முஹம்மது தம்பி மறுநாளே வேலைக்குத் திரும்பிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் ஜெசிகா என் தோளில் கைபோட்டு, "பாவம் அக்கா, உங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது" என்றாள். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் அறிக்கையில் 'அறியாமையால் நேர்ந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத்தான் எடுத்துவிட வேண்டும்.

நான் அறியாமல் எதையும் வாங்குவதில்லை, ஐயா. ஆரலை நேரே அலுவலகத்துக்குக் கொண்டுவரவில்லை. முதலில் வீட்டில் ஒரு பேசினில் விட்டு, கூடவே ஆறு கப்பி மீன் குஞ்சுகளையும் விட்டு மூடிவைத்துப் பார்த்தேன். யார்மீதும் கோபத்தில் அல்ல, சோதனைக்காக. எது எப்போது போகிறது என்று கொப்பியில் குறிக்க வசதியாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தேன்.

ஜெசிகா மஃரிப் தொழுகை வரைகூடத் தாங்கவில்லை.