நடுவுல எங்க போச்சு

— கேபிள் மாத்தியாச்சு. மெமரி மாத்தியாச்சு. உள்ள சுத்துற அந்தச் சின்ன விசிறியைக்கூட மாத்தியாச்சு. இன்னும் என்னத்தை மச்சான் மாத்தச் சொல்ற, வீட்டையா?

— வீட்டை மாத்தறதா இருந்தா முதல்ல அந்த ஜன்னல் திரையை மாத்துங்க மாமா. பட்டப்பகல்ல இப்படி இருட்டாக்கி வச்சிருந்தா ஸ்க்ரூ எங்க விழுந்துச்சுன்னு எப்படித் தெரியும்?

— திரையைத் திறந்தா டிவியில என் மூஞ்சிதான் தெரியும். அதைப் பாக்க எனக்கே சகிக்கல.

— தம்பி, இந்தா டார்ச். உன் காலடியிலதான் கிடக்கு ஸ்க்ரூ. கூடப் பொறந்தவன் வந்தா சரியாயிடும்னு பாத்தா, நீயும் பெட்டியைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உட்காந்திருக்க.

— நான் பிரிக்கலக்கா. நான் வரும்போதே டிவியில மாட்டியிருக்கற இந்தக் கம்ப்யூட்டர் குடலெல்லாம் வெளியதான் கிடந்துச்சு. உன் வீட்டுக்காரர் வேலை. சரி மாமா, முதல்லேர்ந்து சொல்லுங்க. படம் திக்குதா, நிக்குதா?

— குதிக்குது. கேளு. திக்கறது வேற, குதிக்கறது வேற. கேமரா மெதுவாத் திரும்பும் பாரு, அப்ப மேடு பள்ளத்துல சைக்கிள் போற மாதிரி தடதடன்னு வரும். அது ஒண்ணு. அதைக்கூட பொறுத்துக்கலாம். இன்னொண்ணு இருக்கு. ஒருத்தன் கதவுகிட்ட நிப்பான். அடுத்த நொடி பாத்தா நாற்காலியில உட்காந்து பேசிக்கிட்டிருப்பான். நடுவுல எங்க போச்சு?

— எடிட்டர் வெட்டியிருப்பான்.

— வெட்டினா எனக்குத் தெரியாதா? கேளு. நான் இருபது மாடி உயரத்துல கிரேன் ஓட்டறவன். கீழ நிக்கிறவன் எனக்குக் கை காட்டறானா, மூக்கைச் சொறியறானான்னு மேலேர்ந்தே சொல்லுவேன். என் கண்ணு பொய் சொல்லாது.

— ஆமாமா. கண்ணு சொல்லாது. அதுக்குத்தான் வாய் இருக்கே.

— உங்கக்காவை உள்ள போகச் சொல்லு மச்சான்.

— என் வீட்டு ஹால்ல நான் நிக்கறேன். உங்களுக்கென்ன?

— ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் சும்மா இருங்க. மாமா, உங்க முதல் வியாதிக்கு மருந்து இருக்கு. படத்துல நொடிக்கு இருபத்திநாலு ஃபிரேம். உங்க டிவி நொடிக்கு அறுபது தடவை காட்டுது. இருபத்திநாலு பேருக்கு அறுபது பிஸ்கட்டைப் பங்கு போட்டா என்ன ஆகும்?

— அடிதடி ஆகும்.

— ஒருத்தனுக்கு ரெண்டு, அடுத்தவனுக்கு மூணுன்னு போகும். அதான் அந்தத் தடதட. டிவியையும் இருபத்திநாலுக்கே கொண்டாந்துட்டா ஆளுக்குச் சமம். இதோ, மாத்திட்டேன். கடற்கரையில கேமரா திரும்புற இடம் வருது, பாருங்க.

— அட. எண்ணெய் தடவுன மாதிரி போகுது. இத்தனை நாளா அந்தக் கடைக்காரன் இதைச் சொல்லவே இல்லையே?

— சொல்லிட்டா உங்க தலையில புது வீடியோ கார்டை யாரு கட்டறது? ரெண்டாவது வியாதியைப் பாப்போம். மேல ஓரத்துல ஒரு கட்டம் போட்டிருக்கேன், தெரியுதா? ஃபிரேம் ஒண்ணு விட்டுப் போனாலும் பெட்டி தானா எண்ணிச் சொல்லிடும். இப்ப சைபர். நாம சும்மா படம் பாப்போம். குதிச்சா அங்க நம்பர் ஏறும், நான் பிடிச்சுடுவேன். சரியா?

— நீ இதுல கெட்டிக்காரன்தான் மச்சான். இவ்வளவு தெரிஞ்சவன் எதுக்கு அந்த நைட் ஷிப்டை உதறிட்டு வந்த?

— ராத்திரி முழுக்க போன்ல ஊரான் பெட்டிக்கு வைத்தியம் சொல்லிச் சொல்லி என் தலை சூடாயிடுச்சு மாமா. படத்தைப் பாருங்க.

— இவ யாரு, அவன் தங்கச்சியா?

— பக்கத்து வீட்டுப் பொண்ணு. தங்கச்சி அப்பவே செத்துட்டா.

— அதானே. நான் அப்பவே நினைச்சேன், இவ முழியே சரியில்லன்னு. இந்த மாதிரி ஆளுங்க

— என்ன ஆளுங்க?

— மாமா, அந்த ரிமோட்டைத் தாங்க, சத்தத்தைக் குறைக்கறேன்.

— மாமா.

— இந்தா, நான் எடுத்துத் தரேன். அவரை ஏன் கூப்பிடற?

— கையிலதான் வச்சிருக்காரு. கேட்டா காதுலயே விழலையே.

— படம்னு உட்காந்தா அவருக்கு இடி விழுந்தாலும் தெரியாது. நீ வேலையைப் பாரு.

— பாத்தியா? இப்ப. இப்ப குதிச்சுதா இல்லையா? அந்தப் பொண்ணு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தா. இப்ப பாரு, மாடியில நின்னு துணி மடிக்கறா.

— சைபர் மாமா.

— என்ன சைபர்?

— ஒரு ஃபிரேம்கூட விழல. அவ செருப்பைக் கழட்டினா, தண்ணி குடிச்சா, படியேறினா. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

— அப்ப நான் என்ன கனவா கண்டேன்? பின்னால ஓட்டு.

— இந்தாங்க. வாசல். செருப்பு. தண்ணி. படி.

— இதை நான் பாக்கவே இல்ல.

— அதே ஃபைல், அதே இடம்.

— ரெண்டாந்தடவை ஓடும்போது ஒழுங்கா ஓடியிருக்கும். கேளு, இது திருட்டுப் பெட்டி. நீ கட்டத்தைப் போட்டதும் அது உஷாராயிடுச்சு. உன் எண்ணற கட்டமே தப்பா இருந்தா?

— அது வேணா இருக்கலாம். சரி, கட்டத்தை நம்ப வேண்டாம். வேற ஒண்ணு செய்வோம். வெறும் எண்ணு ஓடுற வீடியோ ஒண்ணு இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நொடிக்கு ஒண்ணா திரையில வரும். நீங்க வாய்விட்டுப் படிங்க. நானும் கூடவே படிக்கறேன். எது விட்டுப் போகுதோ அங்க குதிச்சிருக்கு.

— வேணாம்டா தம்பி. போதும். முதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம் பாக்கலாம்.

— இரு, இதுல என்ன கஷ்டம்? சின்னப் பிள்ளை பாடம். போடு மச்சான். முழுசா ஓடட்டும். ஒண்ணு. ரெண்டு. மூணு.

— நாலு. அஞ்சு. ஆறு. அப்படித்தான்.

— கண்ணு வலிக்கும், போதும்னு சொல்றேன்ல. ரெண்டு பேருக்கும் காது இல்லையா?

— இருபத்தொண்ணு. இருபத்திரெண்டு. எண்ணும்போது உங்கக்கா குறுக்க பேசறா பாரு, வேணும்னே. இருபத்தி நாலு.

— அறுபதைத் தாண்டியாச்சு மாமா. சலிக்குதா?

— மேல கேபின்ல நாள் பூரா தனியா உட்காந்திருக்கறவனுக்கு இதெல்லாம் சலிக்குமா? அறுபத்தி ஆறு. அறுபத்தி ஏழு.

— தொண்ணூத்தி எட்டு. நல்லாத்தான் ஓடுது. தொண்ணூத்தி ஒன்பது.

— நூறு. நூத்தி ஒண்ணு. நூத்தி

— நூத்தி ரெண்டு. நூத்தி மூணு. படிங்க மாமா. நூத்தி அஞ்சு. மாமா?

— வீடியோவை நிறுத்துடா.

— நூத்தி ஏழு. அக்கா, இவரு கண்ணு திறந்துதான் இருக்கு. சட்டைப் பொத்தானை ஏன் இப்படி உருட்டறாரு? மாமா.

— உலுக்காத. தானா வந்துடும்.

— தானா வந்துடுமா? என்னக்கா சொல்ற?

— கையை எடுடா அவரு மேலேர்ந்து. சத்தம் போடாத.

— நூத்தி இருபது. நூத்தி இருபத்தொண்ணு. பாத்தியா மச்சான்? நூத்தி ஒண்ணு வரைக்கும் ஒழுங்கா வந்துச்சு, அடுத்தது நூத்தி இருபது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? ஏன் ரெண்டு பேரும் என்னை இப்படிப் பாக்கறீங்க?

— ஒண்ணும் இல்ல. ஆமாங்க, குதிச்சுது. நானும் பாத்தேன்.

— அப்படிச் சொல்லு. மச்சான், நீ?

— நான்... கட்டத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன் மாமா.

— கட்டம், கட்டம். கேளு, இது கரண்டு பிரச்சினை. வோல்டேஜ் இறங்கி ஏறுது, பெட்டிக்கு மூச்சு வாங்குது. எதிர்வீட்டு வாத்தியார்கிட்ட ஸ்டெபிலைசர் ஒண்ணு சும்மா கிடக்கு. வாங்கிட்டு வந்துடறேன்.

— படி பாத்து இறங்குங்க.

— இது என்ன புதுசா, படி பாத்து இறங்குங்க? நான் ஏறாத படியா?

— கதவைச் சாத்திட்டுப் போங்க.

— அக்கா.

— அவரு இறங்கட்டும், இரு.

— எவ்வளவு நாளா இப்படி?

— வெயில் காலத்துலேர்ந்து. சாப்பிட்டுக்கிட்டே படம் பாத்துக்கிட்டிருந்தோம். கை அப்படியே நின்னுடுச்சு. வாய் மட்டும் சும்மா மென்னுக்கிட்டிருந்துச்சு. நான் பயந்து எழுந்திருக்கறதுக்குள்ள அவரே திரும்பி, படம் குதிச்சுதான்னு கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. ஆமான்னுட்டேன்.

— அந்த ஒரு ஆமாவுக்குத்தான் இத்தனை கேபிளா?

— சிரிப்பா இருக்கா உனக்கு?

— சிரிக்கலக்கா. இது வலிப்புல ஒரு வகைன்னு நினைக்கறேன். எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கு இருந்துச்சு. மாத்திரை இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.

— போனா டாக்டர் எழுதுவாரு. எழுதிட்டா அவரை மேல ஏற விடமாட்டாங்க. அவருக்குத் தெரிஞ்சது அந்த ஒண்ணுதான். கீழ இறக்கிவிட்டா என்ன பண்ணுவாரு, உன்னை மாதிரி கூரையைப் பாத்துக்கிட்டுப் படுத்துக்கிடப்பாரா?

— நான் ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டு எழுந்து வந்தேன். அதனால யாரு தலையிலயும் எதுவும் விழல. இவரு கொக்கியில தொங்குறது இரும்புக் கட்டு.

— வேலையில வராதுடா. வீட்டுலதான் வருது, இந்த டிவி முன்னால உட்காந்தாத்தான். நான் கவனிச்சு வச்சிருக்கேன். மேல அவரு முழிப்பா இருப்பாரு.

— கீழ நிக்கிறவங்ககிட்ட அதைச் சொல்லிட்டியா?

— உன் நியாயத்தை உன் வீட்டுல வச்சுக்க. இப்ப எனக்காக ஒண்ணு பண்ணு. போர்டு போயிடுச்சு, ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொல்லு. இந்தச் சனியன் வீட்டுல இல்லைன்னா அவரு நிம்மதியா தூங்குவாரு.

— பெட்டி இல்லைன்னா சுவரு குதிக்கும். அப்ப எந்தச் சுவரை மாத்துவீங்க?

— பல்லை உடைப்பேன். சொல்றதைச் செய்.

— என்னால முடியாதுக்கா.

— என்ன முடியாது? உங்க சண்டை படிக்கட்டு வரைக்கும் கேக்குது. இந்தா பிடி மச்சான், நல்ல கனமா இருக்கு. வாத்தியார் ஆயிரம் கேள்வி கேட்டுட்டுத்தான் குடுத்தாரு.

— இது வேணாம் மாமா. ஓரமா வச்சுட்டு உட்காருங்க.

— உட்கார நேரமில்ல. நாளைக்குக் காலையில கான்கிரீட் ஏத்தணும், சீக்கிரம் படுக்கணும். அந்த ப்ளக்கைப் பிடுங்கு.

— பெட்டியில தப்பு இல்ல மாமா.

— அவனுக்குத் தெரியலங்க. வேற ஆளைக் கூப்பிட்டுப் பாக்கலாம். இவன் பாதியில ஓடி வந்தவன்தானே, இவனுக்கு என்ன தெரியும்?

— நீ கொஞ்சம் பேசாம இரு. மச்சான், நிதானமா சொல்லு. ஒயரு?

— நல்லாயிருக்கு.

— அந்தக் கார்டு? சூடாகி நின்னு நின்னு போகுதோ என்னவோ.

— சூடே இல்ல. நீங்களே தொட்டுப் பாருங்க.

— டிவியா இருந்தா?

— இல்ல மாமா.

— கரண்டு?

— கரண்டு இறங்கினா மேல ஓடுற ஃபேனும் தளரும். அது ஒரே மாதிரிதான் சுத்துது.

— ஏதாவது ஒண்ணு சொல்லுடா. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. இதுவா இருக்கலாம்னு சொல்லு, போதும். நான் மாத்திடறேன்.

— மாத்தறதுக்கு இதுல ஒண்ணும் இல்ல மாமா.

— எண்ணும்போது நீயும் கூடவே எண்ணினியா?

— எண்ணினேன்.

— நூத்தி ஒண்ணுக்கு அப்புறமும்?

— நூத்தி ஏழு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் உங்களைப் பாத்துக்கிட்டிருந்தேன்.

— நான் சொல்றதைக் கேளுங்க. இது டிவி முன்னால உட்காரறதால வர்றது. யாருக்கும் வரும். இதைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா எல்லாம் சரியாயிடும். நாளைக்கு நீங்க பாட்டுக்கு வேலைக்குப் போங்க.

— மேல கேபின்ல டிவி கிடையாது. அங்கயும் குதிக்குது.