நடுவுல மைனஸ்

இல்லம்மா, இது வேண்டாம். ஒரே அடாப்டர், அதுலேருந்து வயர் அஞ்சு வாலாப் பிரியுது. இதே மாதிரி ஒண்ணுதான் வீட்ல இருந்துச்சு, அதுலதான் வினையே. அந்தக் கண்ணாடிக்குள்ள கறுப்பா, செங்கல் கணக்கா இருக்கு பாருங்க, அந்தப் பவர் சப்ளையை எடுங்க. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியா கரண்டு குடுக்குமே, அது.

நான் எங்கேம்மா வாசிக்கிறேன்? என்னைப் பாத்தா அப்படியா இருக்கு? என் பொண்ணு வாசிக்கிறா. பேஸ் கிட்டார். கம்பி நாலேதான், ஆனா கீழ்வீட்டுக்காரர் அலமாரியில டம்ளர் ஆடும். தரையில அஞ்சு இரும்பு டப்பாவை வரிசையா வச்சுக்கிட்டு, வாசிச்சுக்கிட்டே காலால மிதிப்பா. ஒண்ணை மிதிச்சா சத்தம் உறுமும், இன்னொண்ணை மிதிச்சா கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி கேக்கும். அட, பெடல் விக்கிற உங்களுக்கே பாடம் எடுக்கிறேன் பாருங்க.

லிஸ்ட் கொண்டாந்திருக்கேன். அவ குளிக்கப் போன நேரம் பாத்து, தரையில குப்புறப் படுத்து, டார்ச் அடிச்சு, ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பாத்து எழுதினேன். வீட்டுக்காரி வந்து பாத்துட்டு, என்னங்க, நெஞ்சு வலிக்குதான்னு கேட்டா. இல்ல, மில்லி ஆம்ப் பாக்கிறேன்னேன். அதுக்கு மாத்திரை இருக்கான்னு கேட்டுட்டுப் போறா.

படிக்கிறேன், எழுதிக்குங்க. ட்யூனர், ஒன்பது வோல்ட், முப்பது மில்லி ஆம்ப். கம்ப்ரெசர், ஒன்பது, பதினஞ்சு. ப்ரீ ஆம்ப், அது ஒன்பதுலயும் ஓடும், பதினெட்டு குடுத்தா இன்னும் சந்தோஷமா ஓடுமாம். டிலே, அதுக்கும் ஒன்பதுதான், ஆனா பெரிய வயிறு, முந்நூறு கேக்குது. தெரியும்மா, மில்லி ஆம்ப் கூட இருந்தா பாதகமில்ல, தேவையானதைத்தான் இழுத்துக்கும். வோல்ட்டு மட்டும் மாறக்கூடாது. எல்லாத்தையும் ஒரே வயர்ல கட்டினதாலதான் ஊஊன்னு ஒரு இரைச்சல் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒருத்தர் இருமினா அஞ்சு பேருக்கும் கேக்கும். எங்க வீடும் அப்படித்தான்.

அஞ்சாவதா? அதைச் சொல்றதுக்கு முன்னாடி நான் யாருன்னு சொல்லணும். எனக்கு வேலையே கரண்டுதாம்மா. முப்பத்தொரு வருஷம். நானூத்தி நாப்பது வோல்ட்டு பேனலுக்குள்ள தலைய விட்டு வேலை பாத்தவன். லிஃப்ட் நடுவுல நின்னா என்னைத்தான் கூப்பிடுவாங்க. ஒன்பது வோல்ட்டெல்லாம் எனக்கு விளையாட்டுச் சாமான்.

இருபது நாளைக்கு முன்னாடி வீட்ல ஒரு பேச்சு. நான் கோவத்துல வயரைப் பிடிச்சு இழுத்தேன், அடாப்டர் கழுத்தோட பிஞ்சு வந்துடுச்சு. என்ன கோவமா? சத்தம்னு வச்சுக்குங்களேன். மறுநாள் மனசு கேக்கல. அவ வெளிய போயிருந்தா. உக்காந்து சால்டர் வச்சு ஒட்டினேன். அழகா, நூல் பிடிச்ச மாதிரி. மீட்டர் வச்சுப் பாத்தேன், ஒன்பது வோல்ட்டு. சொருகுற முனையில நடுவுல ப்ளஸ், வெளிய மைனஸ். முறைப்படி.

ஆமா, சிரிங்க. பெடலுக்கு மட்டும் தலைகீழ், நடுவுலதான் மைனஸ்னு உங்களுக்குத் தெரியும். நான் இத்தனை வருஷம் பாத்த அடாப்டர் எல்லாத்துலயும் நடுவுலதான் ப்ளஸ். அடாப்டர் முதுகுல, நடுவுல எது வரணும்னு குட்டியா படம் போட்டிருந்துச்சு. படம் பாத்து வேலை செய்றது கத்துக்குட்டின்னு நெனைக்கிற ஜாதி நான். கண்ணாடியும் போடல.

சாயங்காலம் வந்து சொருகினா. நாலு டப்பா தப்பிச்சுடுச்சு. அஞ்சாவது, அந்த உறுமுறது, அவ முதமுதலா வாங்கினது, அதுலேருந்து ஒரு கருகல் வாடை. அவ கத்தலம்மா. கத்தியிருந்தா நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், வழக்கம்போல முடிஞ்சிருக்கும். குனிஞ்சு பாத்தா, என்னைப் பாத்தா, டப்பாவை எடுத்துக் குப்பைக் கூடையில போட்டா. அன்னிலேருந்து பேச்சில்ல. சோறு வேணுமான்னா கூட அம்மாவைப் பாத்துத்தான் தலையாட்டுறா. வீட்டுக்காரி சொல்றா, ஊருக்கே விளக்கு ஏத்தி வைக்கிற மனுஷன், வீட்ல ஒரு டப்பாவைப் பொழைக்க விடலியேன்னு.

இதோ, இதுதான். குப்பைக் கூடையிலேருந்து எடுத்துட்டேன். திறந்து பாத்தேன். கரண்டு நுழையிற வாசல்லயே காவலுக்கு நின்ன ஒரு டயோடு குறுக்கப் படுத்து உயிரை விட்டிருக்கு. மத்ததுக்கு ஒண்ணும் ஆகல. புதுசு போட்டிருக்கேன். இன்னும் கரண்டு குடுத்துப் பாக்கல. என் கையால சொருக பயமா இருக்கும்மா. நீங்க சொருகுங்க. இருங்க, அதுக்கு முன்னாடி இந்தச் செங்கல்ல நடுவுல மைனஸ்தானான்னு மீட்டர் வச்சுப் பாத்துடுறேன். உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. என் மேலதான்.

சரி. மைனஸ்தான். இப்ப சொருகுங்க.

எரியுதா? சிவப்பு லைட்டா? ஒரு தடவை கிட்டார்ல போட்டு மிதிச்சுக் காட்டுங்க.

ஆங். அதே உறுமல்தான். நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்சம் மிதிங்க. பதினோரு வருஷமா இந்த எழவை நிறுத்து நிறுத்துன்னுதான் சொல்லியிருக்கேன்.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுமா? முப்பத்தொரு வருஷத்துல என் கை ஒரு தடவையும் ப்ளஸ் மைனஸ் மாத்தினதில்ல. அன்னிக்கு மட்டும் எப்படி? அந்தப் படம் கண்ணுல பட்டுச்சா படலியான்னு எனக்கே நிச்சயமாத் தெரியல. வேணும்னு செய்யலன்னு அவகிட்ட சொல்லணும். சொல்ல வாய் எடுத்தா, எனக்குள்ளயே ஒருத்தன் நிஜமாவான்னு கேக்கிறான். சரி விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்.

அஞ்சையும் இதுலயே போட்டுடலாம்ல? பதினெட்டுக்கும் தனி வாய் இருக்கா? நல்லது. இதையே குடுத்துடுங்க.

ஆங், இன்னொண்ணு. இது நூத்திப் பத்து வோல்ட்டுல ஓடுமா? எழுத்து பொடியா இருக்கு, நீங்களே படிங்க. நூறுலேருந்து இருநூத்தி நாப்பது வரைக்குமா. அப்பச் சரி.

நம்ம வீட்ல இருநூத்தி முப்பதுதாம்மா. அவ போற நாட்டுலதான் நூத்திப் பத்து. விசாரிச்சுட்டேன். வர்ற வியாழக்கிழமை கிளம்புறா. அங்க ஒரு பேண்டுல சேத்துக்கிட்டாங்களாம். ரெண்டு வருஷம்னு சொல்றா, திரும்பி வர்ற முகமாத் தெரியல. அதைச் சொன்ன அன்னிக்குத்தான் நான் வயரைப் பிடிச்சு இழுத்தது. போக விடாம பண்றதுக்குத்தான் அப்பா எரிச்சாருன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கா.

அட்டைப்பெட்டி வேண்டாம்மா, இடம் அடைக்கும். அவ பெட்டி முக்கால்வாசி நிறைஞ்சாச்சு. ஸ்வெட்டருக்கு நடுவுல இதையும் அந்த டப்பாவையும் செருகிடுவேன், அங்க போய்த் திறந்தாத்தான் தெரியும். ரெண்டு தட்டைக் கால் வச்ச வயர் இருந்தா அதையும் போடுங்க. அங்க சுவத்துல ஓட்டை அப்படித்தானாம்.